ஒரு ஆணிக்கு ஒரு சாமான்

அன்று யோகலிங்கம் முகம் கழுவ முன்னரே முற்றத்தில் மூன்று பேர் வந்து நின்றார்கள். மூவருக்கும் அன்றைக்கே உழவு மிசின் வரும் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான். வீட்டில் இருந்தது ஒரே ஒரு மிசின்.

“நீர்தானே தம்பி சொன்னனீர், புதன்கிழமை எனக்கெண்டு,” என்றார் மயில்வாகனம்.

“எனக்கும் இவர்தான் சொன்னவர்,” என்றாள் பத்மாசனி. “நான் கேக்க ஓம் எண்டவர். திருப்பிக் கேட்டனான். திருப்பியும் ஓம் எண்டவர்.”

வாய்க்கால் கரை வீரையா வாயே திறக்கவில்லை. விதைநெல் மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உழுத கையோடு விதைக்கிற எண்ணம். அந்த மூட்டைக்கு முன்னால் மற்ற இருவரின் பேச்சும் எடுபடவில்லை.

மிசின் ஓட்டும் ராசு டீசல் வாளியைக் கீழே வைத்தான். “அண்ணை, இப்ப நான் மிசினை மூண்டாப் பிரிச்சோ கொண்டுபோறது? பத்மாசனியக்காவுக்கு டயர், மயில்வாகனம் அண்ணைக்குக் கலப்பை, இவருக்குப் புகை.”

யாரும் சிரிக்கவில்லை. யோகலிங்கம் துவாயைத் தோளில் போட்டபடி நின்றான். மூன்று பேருக்கும் அவன் நாள் கொடுத்தது உண்மை. யாரையும் ஏமாற்ற நினைத்து அவன் ஓம் சொல்லவில்லை. இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்ல மனம் வேண்டும். ஓம் சொல்ல ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

புரட்டாதி மாதம். முதல் மழை ஒன்று வந்து முரசுமோட்டை வயல்களை மேலாக நனைத்துவிட்டுப் போயிருந்தது. இனி ஐப்பசி மழை பிடிப்பதற்குள் உழுது, புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை பிடித்தால் மிசின் வயலில் இறங்காது. இறங்கினால் ஏறாது. ஆகவே ஊர் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அவசரம். சுற்றுவட்டாரத்தில் மிசின் வைத்திருந்த சிலரில் யோகலிங்கத்தின் மாமனார் அப்புத்துரையும் ஒருவர்.

போன வருஷம் வரை இந்த முற்றத்தில் சண்டை வந்ததில்லை. யாருக்கு எந்த நாள் என்பது முழுவதும் யோகலிங்கத்தின் மனைவி கமலாசனியின் தலைக்குள் இருந்தது. குசினி வாசற்படியில் சுளகோடு அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். வருகிறவர்களை நிமிர்ந்தும் பார்க்க மாட்டாள். “மயில்வாகனம் அண்ணை, உங்களுக்கு வியாழன். அதுக்கு முதல் வந்தால் தேத்தண்ணி மட்டும்தான் தருவன்.” அவளிடம் இல்லை என்று கேட்டுப் போனவர்கள்கூடச் சிரித்துக்கொண்டு போனார்கள்.

வைகாசியில் வந்த காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. கலியாணம் முடித்து இரண்டு வருஷம் முடிந்திருக்கவில்லை. யோகலிங்கம் அளவெட்டிப் பெடியன். யாழ்ப்பாணக் கம்பஸில் பொருளியல் படித்து, உத்தியோகத்துக்குக் காத்திருந்த நேரத்தில் கலியாணமாகி வன்னிக்கு வந்தவன். இப்போது அந்த வீட்டில் இரண்டு ஆண்கள் மட்டும் இருந்தார்கள். அப்புத்துரைக்கு மனைவி போய் வெகு காலம். மருமகனுக்கு மனைவி போய் நாலு மாதம். இருவரும் முறை வைத்துச் சோறு அடிப்பிடிக்க விட்டார்கள்.

முற்றத்துச் சண்டை அன்று எப்படியோ முடிந்தது. வீரையாவின் மூட்டைதான் வென்றது. பத்மாசனி போகும்போது, “உங்களைக் குறை சொல்லேல்லைத் தம்பி. ஆனா கமலம் இருந்திருந்தால் என்னை இப்பிடி அலைய விடமாட்டாள்,” என்றாள். அது குறைதான். யோகலிங்கம் அதற்கும் ஓம் என்றான்.

அன்று மத்தியானம் அப்புத்துரை அவனைக் கூப்பிட்டுக் கதிரையைக் காட்டினார்.

“இரும் தம்பி. உம்மட தமையன் சொல்லியனுப்பியிருக்கிறார். ஊருக்கு வரட்டாம், அங்கை ஏதோ வேலை ஒழுங்கு பண்ணலாமாம். நீர் என்ன நினைக்கிறீர்?”

“ஓம் மாமா.”

“எதுக்கு ஓம்?”

எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்புத்துரை வெற்றிலையை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டார். “உம்மை இஞ்ச இரும் எண்டு நான் சொல்லமாட்டன். போம் எண்டும் சொல்லமாட்டன். இளந்தாரி. கமலத்துக்கெண்டு எழுதின ரெண்டு ஏக்கரும் தரிசாக் கிடக்கு. அது சொல்லட்டும். ஐப்பசி மழைக்கு முதல் நீர் அதை விதைச்சால் நீர் இருக்கிறீர் எண்டு எடுப்பன். விதைக்காட்டி, விசுவமடுத் தங்கராசா குத்தகைக்குக் கேக்கிறான். அவனுக்குக் குடுத்துப்போட்டு உம்மை நானே பஸ் ஏத்திவிடுறன். கோவமில்லை. விளங்குதோ?”

விளங்கியது. ஒரு பெரிய கதையை ஒரு வெற்றிலைக்குள் மடித்து வைத்த மாதிரிச் சொல்லிவிட்டார். யோகலிங்கத்துக்குப் போக விருப்பமில்லை. அதை அவன் அப்போதுதான் கண்டுபிடித்தான். ஆனால் விருப்பமில்லை என்பதை எடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. நனைந்த தீப்பெட்டியைப் போல அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்துபோனான்.

முதலில் படித்தவன் செய்வதைச் செய்தான். ஒரு கொப்பி வாங்கி, கோடு போட்டு, நாளும் பெயரும் எழுதினான். இரண்டு நாள் நன்றாகப் போனது. மூன்றாம் நாள் அவன் பரந்தனுக்கு டீசல் எடுக்கப் போன நேரம் வந்தவர்களுக்கு அப்புத்துரை நாள் கொடுத்தார். நாலாம் நாள் ராசு வயலில் நின்றபடியே இரண்டு பேருக்கு நாள் கொடுத்தான். கொப்பி மேசையில் மூடிக் கிடந்தது. திறந்து கிடந்தாலும் ஒன்றுதான். யாராவது வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் அவன் கொப்பியைப் பார்க்காமலே ஓம் சொன்னான்.

மிசின் நிற்கும் கொட்டிலின் ஒரு பக்கம் பலகைச் சுவர். அதில் ஒரு ஆணி. ராசு சேர்ட்டைக் கழற்றி அதில்தான் கொழுவுவான். ஒருநாள் யோகலிங்கம் கைதுடைத்த துவாயை யோசனையில் அதே ஆணியில் கொழுவினான். துவாய் வழுகி விழுந்தது. எடுத்து மறுபடி கொழுவினான். மறுபடி விழுந்தது. ஆணி நிறைந்திருந்தது. அவன் சற்றுநேரம் அந்த ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஆணி யாருக்கும் காரணம் சொல்லவில்லை. முகத்தைச் சுளிக்கவுமில்லை. இடமில்லை, அவ்வளவுதான்.

பின்னேரம் ராசு வயலால் வந்து பார்த்தபோது பலகைச் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றுக்கும் மேலே கரியால் ஒரு திகதி.

“இது என்ன அண்ணை, காவடிக்கு முள்ளுக் குத்தின மாதிரி?”

“ஒரு ஆணி ஒரு நாள். மிசின் வேணுமெண்டால் வீட்டிலை இருந்து ஏதாவது ஒரு சாமான் கொண்டுவந்து கொழுவவேணும். ஒரு ஆணிக்கு ஒரு சாமான். உழுது முடிய நீ அதை எடுத்துக்கொண்டுபோய் வயலிலையே குடுத்துவிடு.”

“நீங்கள் வீட்டிலை இல்லாட்டி?”

“நான் எதுக்கு?”

ராசு ஆணிகளை ஒரு தரம் பார்த்தான், அவனை ஒரு தரம் பார்த்தான். “அப்ப ஆரும் கேட்டால் நீங்கள் ஓம் எண்டு சொல்லமாட்டீங்கள்?”

“சுவரைப் பாருங்கோ எண்டு சொல்லுவன்.”

“கடவுளே,” என்று ராசு தன் சேர்ட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். அவனுடைய ஆணியும் ஒரு நாளாகிவிட்டிருந்தது.

ஊர் சுவரை உடனே பிடித்துக்கொண்டது. பத்மாசனி முதல் ஆளாக ஒரு பானை மூடியைக் கொண்டுவந்து, தனக்குத் தோதான ஒரு நாள் ஆணியில் தொங்கவிட்டு, மூடி ஆடி நிற்கும் வரை பார்த்துவிட்டுப் போனாள். வாய்க்கால் கரையிலிருந்து ஒருவர் கண்ணாடி இல்லாத அரிக்கன் லாம்பு கொண்டுவந்தார். இன்னொருவர் அரிவாள். ஒரு வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் போத்தல் வந்தது, அரைவாசி எண்ணெயோடு. பெரிய வயல்காரர்கள் இரண்டு ஆணிக்குக் குறுக்கே கயிறு கட்டி இரண்டு நாள் பிடித்தார்கள். மயில்வாகனம் ஒரு பிய்ந்த செருப்பைக் கொழுவினார். அடுத்த ஆணிக்காரர் வந்து, என்ர சாமான் உவற்ற செருப்புக்குப் பின்னாலையோ தொங்கிறது என்று பிடித்த பிடியில் செருப்பு இறங்கியது. அடுத்த நாள் மயில்வாகனம் தன் குடையைக் கொண்டுவந்தார். பரந்தனில் வாங்கியது, கைபிடி கொக்கி. ஆணியில் அழகாக நின்றது.

யோகலிங்கம் கொட்டிலுக்குள் வந்து போகும்போதெல்லாம் அந்தச் சாமான்களைப் பார்த்தான். நாலு மாதமாக அவனுக்கு முகங்கள் மறந்துபோயிருந்தன. வருகிறவர்களின் வாய் அசைவதைப் பார்ப்பான், அவ்வளவுதான். இப்போது பானை மூடியைப் பார்த்தால் பத்மாசனி தெரிந்தாள். எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தால் அந்த வீட்டுப் பெரியவரின் எண்ணெய் பூசிய மொட்டைத் தலை தெரிந்தது. வேலை எவ்வளவு மிச்சம் என்று யாரையும் கேட்கத் தேவையில்லை. சுவரில் தொங்குகிற அளவு மிச்சம். முடிந்தது முடிந்ததாகச் சுவரை விட்டுப் போனது. அவன் மத்தியானத்தில் படுத்து நித்திரை கொண்டான். ஒருநாள் சோறு அடிப்பிடிக்கவில்லை. அப்புத்துரை ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டார்.

ஒரு பின்னேரம் பரந்தனிலிருந்து டீசலோடு திரும்பியவன் கொட்டில் வாசலிலேயே நின்றுவிட்டான். கடைசி ஆணியில் ஒரு சுளகு தொங்கியது.

விளிம்பு பிரிந்த இடத்தில் நீலக்கோட்டுத் துணி சுற்றித் தைத்திருந்தது. அது அவனுடைய பழைய சாரத்தின் கரை. இன்னும் ஒரு வருஷம் உடுக்கலாம் என்று அவன் சொல்ல, உடுத்துக்கொண்டு ஆர் பக்கத்திலை நிக்கிறது என்று கமலாசனி அதைக் கிழித்துவிட்டாள். ஒரு நாள் முழுவதும் அவன் அவளோடு பேசவில்லை. அந்த ஒரு நாளை அவன் பிறகு பலமுறை திருப்பிக் கேட்டிருக்கிறான்.

“இது ஆர் கொழுவினது?”

“பேச்சியம்மா,” என்றான் ராசு. “நான் அங்காலை டயருக்குக் காத்தடிக்கேக்கை கண்டனான். வந்தா, கொழுவினா, போயிட்டா. ஒரு கதையில்லை. அவைக்கும் பள்ளத்துப் பக்கம் ஒரு துண்டு இருக்குத்தானே. நான் போற வழியிலை சொல்லிவிடுறன், நாள் விழுந்திருக்கு எண்டு.”

பேச்சியம்மாவும் புருஷன் பழனியாண்டியும் எழுபத்தேழு கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டத்தை விட்டு வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். ராசுவும் அந்தச் சனத்தில் ஒருவன்தான். முதலாளி வீட்டில் வன்னிப் பேச்சும் அவர்களோடு தோட்டப் பேச்சும் பேசுவான். பேச்சியம்மா களை எடுக்க வரும் நாட்களில் கமலாசனியும் அவளும் வரம்பில் இருந்து மணிக்கணக்கில் கதைப்பார்கள். என்ன கதைத்தார்கள் என்று யோகலிங்கம் ஒருநாளும் கேட்டதில்லை.

சுளகு எப்படி அவளிடம் போனது என்றும் அவன் கேட்கவில்லை. ஒற்றை விரலால் அந்த நீலத் துணியைத் தொட்டுவிட்டு உள்ளே போனான்.

பிறகு ஒருநாள் காலை ராசு மிசினில் ஏறிக் குந்தியபடி கேட்டான். “அண்ணை, ஊரிலை எல்லாற்றை சாமானும் தொங்குது. உங்கடை எங்கை?”

யோகலிங்கம் சுவரைப் பார்த்தான். மூலைக்கு மூலை நிறைந்திருந்தது. ஊருக்கெல்லாம் ஆணி அடித்தவன் தனக்கு ஒன்று வைக்க மறந்திருந்தான். ஆனால் நடுவில் ஒரு ஆணி வெறுமையாக இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் லாம்பு, அந்தப் பக்கம் அரிவாள். யாரும் கவனிக்காமல் விட்ட அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான். ராசு போன பிறகு, கையில் கட்டியிருந்த மணிக்கூட்டைக் கழற்றி அதில் கொழுவினான். கலியாணத்துக்கு அப்புத்துரை கட்டிவிட்ட மணிக்கூடு. அன்றிரவு சாப்பாட்டில், “என்ர நாளும் வைச்சிட்டன் மாமா,” என்றான். அப்புத்துரை எந்த நாள் என்று கேட்கவில்லை. நல்லது என்று மட்டும் சொன்னார்.

அந்த நாள் வந்தது. யோகலிங்கம் வேளைக்கு எழும்பி, சாரத்தை மடித்துக் கட்டி, விதைநெல்லை எடுத்து வெளியில் வைத்தான். ராசு வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். ராசு முழுகித் தலை துவட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன, வரேல்லையோ?”

“எங்கை அண்ணை?”

“உழ.”

ராசு துவட்டுவதை நிறுத்தினான். “அண்ணை, இண்டைக்கு அமாவாசை.”

“அதுக்கு?”

“அமாவாசையிலை ஆர் ஏர் பூட்டுறது?”

“இது ஏர் இல்லை. மிசின்.”

“மிசினெண்டாலும் பின்னாலை இருக்கிறது கலப்பைதானே. ஊரிலை எல்லாருக்கும் தெரியும், அதுதான் அந்த ஆணியை ஒருத்தரும் தொடேல்லை. பின்னேரம் அதிலை உங்கடை மணிக்கூடு தொங்கக் கண்டனான். மணிக்கூடு பழுதாக்கும், போட்டு வைச்சிருக்கிறார் எண்டு நினைச்சன்.”

கமலாசனி இருந்தபோது சாப்பாட்டுக் கோப்பையில் மீன் இல்லாத சோற்றைக் கண்டால் அவனுக்கு அமாவாசை தெரியும். இப்போது எல்லா நாளும் பருப்பும் சோறும்தான். நாளைக் காட்ட வீட்டில் ஒன்றும் இருக்கவில்லை.

செய்தி அவனுக்கு முன்னே வீட்டுக்குப் போய்விட்டது. வாசல் படலையடியில் மயில்வாகனம் நின்றார். “கம்பஸிலை அமாவாசை படிப்பிக்கிறேல்லையோ தம்பி?”

“அது வேற பாடம் அண்ணை,” என்றான் யோகலிங்கம். மயில்வாகனம் திகைத்துப்போனார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெடியன் சொன்ன முதல் பகிடி அது. வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார்.

ஆனால் நாள் போய்விட்டது. அடுத்த ஆணிகளில் ஒன்றும் காலியில்லை. யாருடைய சாமானையாவது தள்ளி வைத்தால் கேட்க ஆளில்லை. மிசின் அவனுடைய வீட்டு மிசின். அவனுக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பானை மூடியின் மீது கை வைத்திருக்க மாட்டான்.

அமாவாசை கழிந்து சில நாளில் ஒரு மழை. காலையில் தொடங்கி மத்தியானம் வரை பெய்தது. மிசின் கொட்டிலை விட்டு இறங்கவில்லை. சரியாக அந்த மழைக்குள் மயில்வாகனம் தலையில் பசளைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

“தம்பி, பரந்தனுக்குப் போக வேணும். குடையை ஒருக்கால் எடுத்துக்கொண்டு போகட்டோ?”

“எடுங்கோ அண்ணை. ஆணி வெறுமையாகும்.”

“வெறுமையானால்?”

“காணுறவன் கொழுவுவான்.”

மயில்வாகனம் குடையைப் பார்த்தார், வாசலில் கொட்டுகிற மழையைப் பார்த்தார். அதே பசளைப் பையோடு திரும்பிப்போனார். கொட்டிலுக்குள் ராசு மிசின் டயருக்கு மேலிருந்த மட்காட்டில் சாய்ந்து கண்ணீர் வரச் சிரித்தான்.

ஒரு நாள் நட்டம் என்றால் எல்லோருக்கும் ஒரு நாள் பிந்தும். யோகலிங்கம் தானே சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கி அடுத்த ஆணிக்கு மாற்றினான். எண்ணெய்ப் போத்தலைத் துடைத்துக் கொழுவினான். லாம்பின் கம்பியை நிமிர்த்தினான். கடைசியில் சுளகு மிஞ்சியது. அதற்கு ஆணி இல்லை. புதிதாக ஒன்று அடித்து அதில் தொங்கவிட்டான்.

“இன்னொண்டு அடிக்கட்டோ, எனக்கு?”

ராசு சிரிப்பை நிறுத்தி வெளியே பார்த்தான். “சுளகே கரையிலைதான் தொங்குது அண்ணை. இதுக்கு அங்காலை ஆணி அடிச்சுப் பிரயோசனமில்லை. சேறுதான்.”

அன்று முதல் யோகலிங்கம் வானத்தையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்தான். மூடி போனது. லாம்பு போனது. குடை போனது. சுவர் வெறுமையாகிக்கொண்டு வந்தது; அவனுடைய இரண்டு ஏக்கர் அப்படியே கிடந்தது. அப்புத்துரை ஒருநாள் மெல்லச் சொன்னார். “தங்கராசா ஞாயிற்றுக்கிழமை வயல் பாக்க வாறன் எண்டவன்.” யோகலிங்கத்துக்கு ஓம் என்ற சொல் வாய் வரை வந்தது. விழுங்கினான்.

சுளகின் நாள் வெள்ளிக்கிழமை. விடியும்போதே கிழக்கே கறுத்திருந்தது. காற்று நின்றுபோயிருந்தது. ராசு மிசினை ஸ்டார்ட் பண்ணி முற்றத்துக்குக் கொண்டுவந்து, சுளகை எடுத்து மட்காட்டில் வைத்தான். அந்த நேரம் பேச்சியம்மா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கைகளிலும் பழந்துணி சுற்றியிருந்தாள்.

“ராசு, வண்டிய எங்க பக்கம் திருப்பாத.”

“ஏன்க்கா? ஒங்க நாளுதானே?”

“எங்க நாளு இல்ல.” அவள் யோகலிங்கத்தின் பக்கம் திரும்பினாள். “தம்பி, அந்தச் சொளகு ஒங்க வீட்டுச் சொளகுங்க.”

“தெரியும்.”

“தெரியுமா? மாட்டுன அன்னைக்கே தெரியுமா?”

“ஓம்.”

“தெரிஞ்சும் ஒரு வார்த்த கேக்கல பாருங்க. கமலம் அம்மாவா இருந்தா என்னய படலையிலயே புடிச்சிருப்பாங்க.” அவள் மூக்கைச் சிந்திக்கொண்டாள். “சித்திரையில எள்ளு பொடைக்க வாங்கிட்டுப் போனேன். அதுக்குள்ள அவுங்களுக்குக் காச்ச வந்திருச்சு. துடக்கு வீட்டுக்கு எரவச் சாமான் கொண்டாரக் கூடாதுன்னு எங்க சனம் சொல்லிச்சு. முப்பத்தொண்ணாம் நாள் காரியம் கழிஞ்சும் வர முடியல. ஒங்க மொகத்தப் பாத்துக் கையில குடுக்க மனசு வரல. ஒருநா தைரியம் பண்ணி வந்தா ஆளக் காணோம். செவுரு பூரா மூடியும் போத்தலுமாத் தொங்குது. சரி, இங்கதான் மாட்டுறாங்க போலன்னு நானும் மாட்டிட்டுப் போயிட்டேன். திருப்பிக் குடுக்கத்தான் கொண்டாந்தேன். மறுநா இவன் வந்து, ஒங்களுக்கு மிசினு நாள் விழுந்திருக்குங்கிறான்.”

“அப்பவே சொல்றதுக்கென்னக்கா?” என்றான் ராசு.

“ஆசையா இருந்திச்சுடா. எங்க துண்டுல இதுவரைக்கும் மிசினு எறங்குனதே இல்ல. வாய மூடிக்கிட்டேன்.” அவள் குரல் தணிந்தது. “அப்புறம் கேள்விப்பட்டேன், தம்பிக்கு ஆணி இல்லன்னு, வயலு குத்தகைக்குப் போவுதுன்னு. நானும் எங்க வீட்டு ஆளும் மம்பட்டிய எடுத்துட்டோம். முக்காவாசி கொத்தியாச்சு. மிச்சத்தையும் கொத்திருவோம். ஆணியில யாரு சாமானு தொங்குதோ அவுங்களுக்குத்தானே அன்னைக்கி மிசினு? ஒங்க சட்டந்தானே? எடுத்துட்டுப் போங்க.”

யோகலிங்கம் அவளுடைய கைகளைப் பார்த்தான். துணிக்கு மேலால் ஈரம் தெரிந்தது.

“இல்லை,” என்றான்.

ராசு திரும்பிப் பார்த்தான். முன்வாசலில் கதிரையில் இருந்த அப்புத்துரையும் நிமிர்ந்தார்.

“இல்லை, பேச்சியக்கா. கொழுவினது நீங்கள். நாள் உங்கடை.”

“அட, இல்லை எண்டு சொல்லவும் தெரியுது,” என்றார் அப்புத்துரை, யாருக்கென்றும் இல்லாமல்.

“சொளகு யாரோடது?” என்றாள் பேச்சியம்மா.

“கொழுவின கை ஆற்றை?”

“அம்மாவோட சாமானுக்கு நான் எப்பிடித் தம்பி நாளு வாங்குறது?”

“அப்பிடியெண்டால் அவாதான் உங்களுக்குத் தந்தவ.”

இருவரும் விட்டுக்கொடுக்கிற மாதிரித் தெரியவில்லை. ராசு மிசினை ஒரு தரம் உறுமவிட்டான். “ஆரெண்டாலும் சீக்கிரம் தோற்றுப்போங்கோ. வானம் உங்கடை வழக்குக் கேக்க வந்து நிக்கேல்லை.”

யோகலிங்கம் கிழக்கே பார்த்தான். பிறகு சொன்னான். நாலு மாதமாக வாய்க்குள் கிடந்த பெயர் தானாக வந்தது. “முதல் பேச்சியக்காவின்ரை மிச்சக் கால்வாசி. அங்கையிருந்து வாய்க்கால் வழியா நேரை கமலத்தின்ரை வயல். அவ்வளவுதான். ஏறுங்கோ.”

பேச்சியம்மாவின் துண்டில் மிசின் இறங்கியபோது பழனியாண்டி மம்பட்டியைத் தோளில் வைத்தபடி, கோயில் தேரைப் பார்ப்பதுபோல வாய் திறந்து பார்த்தார். அது சிறிய துண்டு. மிசின் திரும்பவே இடம் காணாது. நாலு சுற்றில் முடித்துக்கொண்டு வாய்க்கால் கரையால் கமலாசனியின் வயலுக்குப் போனார்கள்.

முதல் சால் விழுந்ததும் அடிமண்ணின் மணம் எழும்பியது. கொக்குகள் எங்கிருந்தோ வந்து மிசினுக்குப் பின்னால் நடந்தன. யோகலிங்கம் ஓலைப்பெட்டியில் விதைநெல்லை எடுத்துக்கொண்டு பின்னால் போனான். அவன் விதைத்துப் பழக்கமில்லாதவன். பேச்சியம்மா கையில் சுற்றிய துணியோடு மறுகரையிலிருந்து விதைத்துக்கொண்டு வந்தாள். எப்போது வந்தார் என்று தெரியாமல் மயில்வாகனம் குடையோடு வரம்பில் நின்றார்.

“கோழிக்குப் போடுற மாதிரிப் போடாதையும் தம்பி. தாரும் இஞ்சை.” குடையை யோகலிங்கத்தின் கையில் திணித்துவிட்டுப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். சற்றுநேரத்தில் அவன் இன்னொரு பெட்டியோடு வந்து, அவருடைய கையைப் பார்த்துப் பார்த்துப் போட்டான். அவர் பார்க்காத மாதிரி நடந்தார்.

அரைவாசி விதைத்து முடியவும் மழை வந்தது. தூறலாக வரவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக நின்றது, அடுத்த நிமிஷம் இந்தப் பக்கம் நின்றது. ராசு மிசினை உறுமவிட்டு வரம்புக்கு ஏற்றினான். இன்னும் ஒரு சுற்று என்று நின்றிருந்தால் அது தைப்பொங்கல் வரை அங்கேதான் நின்றிருக்கும். மயில்வாகனம் தன் குடையைத் தேடினார். அது விரித்தபடி விதைநெல் மூட்டைக்கு மேலே நின்றது. அவர் நனைந்துகொண்டு நின்றார். எடுக்கவில்லை.

அப்புத்துரை வரம்பால் வந்தார். அவருடைய தலையில் ஒரு சாக்கு. வயலின் இந்தப் பாதியைப் பார்த்தார், அந்தப் பாதியைப் பார்த்தார். மழை அவர் மூக்கு நுனியால் வடிந்தது.

“அரைவாசி,” என்றார்.

“ஓம் மாமா.”

“விதைச்சால் இருக்கிறீர், விதைக்காட்டிப் போறீர் எண்டுதான் சொன்னனான். அரைவாசிக்கு நான் சட்டம் வைக்கேல்லையே.”

யோகலிங்கம் சாரத்தின் கரையைப் பிழிந்தான்.

“மிச்சத்துக்கு மிசின் இல்லாமல் சேத்து விதைப்புத்தான்,” என்றார் அப்புத்துரை. “நெல்லு ஊறப்போட்டு முளை வைக்க வேணும். வரம்பு கட்ட வேணும். எனக்கு இடுப்பு வளையாது. நீர் இருக்கிறீரோ?”

“ஓம்.”

“எதுக்கு ஓம்?”

“இருக்கிறதுக்கு.”

கிழவர் தலையாட்டினார். சாக்கை எடுத்து அவன் தலையில் போட்டார். “ராசு, போற வழியிலை ஒருத்தரைப் பிடிச்சு விசுவமடுவுக்குச் சொல்லிவிடு. தங்கராசா ஞாயிறு வரத் தேவையில்லை. வந்தால் தேத்தண்ணி மட்டும்தான் தருவமெண்டு.”

அது யாருடைய வார்த்தை என்று இருவருக்கும் தெரியும்.

மட்காட்டில் இருந்த சுளகை ராசு மழை படாமல் சேர்ட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான். உழவு முடிந்தால் சாமான் வீட்டுக்குப் போக வேண்டும். அவன் பேச்சியம்மாவைப் பார்த்தான், யோகலிங்கத்தைப் பார்த்தான், பிறகு நேரே போய்க் குசினிக்குள் அது முன்பு தொங்கிய இடத்தில் கொழுவிவிட்டான். அந்த ஆணி அங்கேயே இருந்தது. சுளகு போன நாளிலிருந்து யாரும் அதில் ஒன்றையும் கொழுவியிருக்கவில்லை.

சேற்று விதைப்பும் முடிந்து, மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலை. யோகலிங்கம் குசினி வாசற்படியில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தான். உமி அவனுடைய முகத்துக்கே பறந்தது. கொட்டிலில் ஆணி வரிசை வெறுமையாக இருந்தது. ராசு தன் பழைய ஆணியை மீட்டுச் சேர்ட்டைக் கொழுவியிருந்தான். படலை கிரீச்சிட்டது.

“தம்பி, சொளகு ஒருக்கா தருவீங்களா? பயறு பொடைக்கணும்.” பேச்சியம்மா நின்றாள். கை ஆறிவிட்டிருந்தது. “திருப்பிக் கொண்டாந்துருவேன். இந்தவாட்டி கையிலயே குடுப்பேன்.”

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரிசியைப் பெட்டியில் கொட்டி, சுளகை ஒரு தட்டுத் தட்டி நீட்டினான்.

“அவசரமில்லை, அக்கா. அறுவடை முடியத் தந்தால் காணும்.”